பரம்பரைச் சாபம் என்று சொல்லிக் காணிக்கை கேட்டால்: நான் பட்டதும் படித்ததும்

"உங்க குடும்பத்துல ஒரு சாபக்கட்டு இருக்கு, அதை உடைச்சாத்தான் ஆசீர்வாதம் வரும்" என்று யாராவது உங்களிடம் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் கேட்டிருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதை வாசியுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தாலும் வாசியுங்கள். நான் இயேசுவை விசுவாசிக்கிறவள். இன்றும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். ஊழியக்காரர்களைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. கிறிஸ்துவுக்குள் எனக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததை எனக்கே தவணை முறையில் விற்றார்கள். அது நடந்துகொண்டிருந்தபோது என்னை நிறுத்தி நாலு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தேன். முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவதும் அப்படியே. பிள்ளையை இழந்தவர்களுக்கு மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் எவ்வளவு குத்தும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். "கர்த்தருக்குச் சித்தமில்லை போல", "விசுவாசத்தை இன்னும் கூட்டிக்கோம்மா", "வீட்ல ஏதாவது பாவம் இருக்கான்னு பாரு". சபையில் வளைகாப்பு, பெயர்சூட்டு என்று அழைப்பு வரும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். அந்த வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் எழுதிய அட்டை) எடுத்தபோது "கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்" என்ற சங்கீத வசனம் வந்தது. தட்டைப் பிடித்திருந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த அட்டையைப் பூஜ்ஜிய வாட் விளக்குக்குக் கீழே ஒட்டி வைத்தேன். மூன்றாவது கரு பங்குனி வெயிலில் போனது.

அதற்குப் பிறகுதான் அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்வீட்டுச் சகோதரி ஒருவர் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. நான் அழுவதைப் பார்க்க முடியாமல்தான் கூட்டிப்போனார். அது எந்தச் சபையையும் சேராத தனி ஊழியம். பாட்டு நன்றாக இருந்தது. பேசியவர் என்னைப் பார்த்து, "மகளே, உன் கர்ப்பம் அடைக்கப்பட்டிருக்கு, நாலாம் தலைமுறையில ஒருத்தர் செய்த உடன்படிக்கை உன்னைப் பிடிச்சிருக்கு" என்றார். உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. என் பூட்டனார், அதாவது அப்பாவின் தாத்தா, ஊரில் கொடைவிழாவில் சாமியாடியவர் என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். இவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று வியந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நாலு தலைமுறைக்கு முன் தென்மாவட்டத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் ஒரு சாமியாடியோ, கோடாங்கியோ, நேர்ச்சை செய்தவரோ இருந்திருப்பார். ஆயிரம் பேரிடம் சொன்னால் ஆயிரம் பேருக்கும் பொருந்துகிற வார்த்தை அது. உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால், "எந்தத் தலைமுறை, யார், என்ன செய்தார்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். விவரத்தை நம் வாயிலிருந்துதான் எடுப்பார்கள்.

எங்களிடம் எடுத்ததும் அப்படித்தான். ஒரு படிவம் கொடுத்தார்கள். வெளிர் ரோஜா நிறத் தாள், இரண்டு பக்கம். தகப்பன் வழி, தாய் வழி என்று பிரித்து, நான்கு தலைமுறையிலும் தற்கொலை, குடி, இரண்டாம் தாரம், மலடு, மனநோய், விக்கிரக ஆராதனை என்று கட்டம் போட்டு, இருந்தால் டிக் அடிக்க வேண்டும். கடைசியில் மாதச் சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்டிருந்தது. ஜெபத்துக்கு எதற்குச் சம்பள விவரம் என்று என் கணவர் முணுமுணுத்தார். நான்தான் அவரை அடக்கினேன். சம்பளமும் சொத்தும் கேட்கும் ஜெபப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதை இன்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

முதலில் ஆயிரம் ரூபாய். பிறகு ஏழு வாரச் சாபம் முறிக்கும் ஜெபத்துக்கு ஏழாயிரம். அதன்பின் "விதை", அதாவது பலனை எதிர்பார்த்துக் கொடுக்கும் காணிக்கை. விதைக்காமல் அறுக்க முடியாது, அதுவும் வலிக்கிற அளவுக்கு விதைக்க வேண்டும் என்றார்கள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பங்காளர் திட்டத்துக்கு பணம் தானாகவே பிடிக்கும்படி என் போனிலேயே ஆட்டோபே போட்டுக் கொடுத்தார் அங்கிருந்த ஒரு தம்பி. ஒரு எண்ணெய் பாட்டில், தலையணைக்கடியில் வைக்க ஒரு துண்டுத் துணி. கடைசியில் அம்மா போட்ட நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தொட்டது. எங்களைப் போன்ற சம்பளக்காரக் குடும்பத்துக்கு அது மூன்று வருஷச் சேமிப்பு.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இரண்டு. ஒன்று காலம். மூன்று முறை கலைந்ததும் எங்கள் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தைராய்டு, ரத்தம் உறைவது சம்பந்தமான ஆன்டிபாடி, இருவருக்கும் குரோமோசோம் சோதனை. ஊழியத்தில் "போகாதே" என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். "டாக்டரை நம்புறியா, கர்த்தரை நம்புறியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அந்தச் சீட்டை ஒரு வருஷத்துக்கும் மேலாக அலமாரியில் வைத்துவிட்டேன். முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு வருஷம் என்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை. லூக்காவையே "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்றுதான் அப்போஸ்தலனாகிய பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். வைத்தியரைக் கூடவே வைத்துக்கொண்டு ஊழியம் செய்தவர் அவர். மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்துகிற கேள்வி உங்கள் காதில் விழுந்தால் அந்த இடத்தில் அதற்குமேல் உட்காராதீர்கள்.

இரண்டாவது நஷ்டம், நான் யார் என்பதே எனக்கு மறந்துபோனது. திடப்படுத்தல் எடுத்து, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்தில் சேர்ந்த நாளிலிருந்து அதைத் தவறவிடாதவள், பந்தியில் போய் முழங்கால்போடவே பயந்தேன். என் ரத்தத்தில் ஏதோ அசுத்தம் ஓடுகிறது, நான் தொட்டால் அதுவும் கெட்டுவிடும் என்று தோன்றியது. செத்துப்போன பூட்டனார்மேல் கோபம் வந்தது. என் கணவருக்கு வேறு நல்ல பெண் கிடைத்திருப்பாள் என்றுகூட நினைத்தேன். இரவில் அந்தத் துணியைத் தலைக்கடியில் வைத்துப் படுத்துக்கொண்டு, இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே, ஜெபிக்கிறேனா பயப்படுகிறேனா என்று எனக்கே தெரியாமல் கிடந்த இரவுகள் உண்டு.

ஊரில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விழாவுக்குப் போனபோது என் பெரியப்பாதான் கண்டுபிடித்தார். அவர் ஓய்வு பெற்ற உபதேசியார், சபையில் போதிக்கும் ஊழியராக இருந்தவர். அசனச் சோறு பந்தியில் நான் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலையில் சேகர ஐயரிடம் (வட்டாரச் சபைகளின் குருவானவர்) அனுமதி வாங்கி என்னைக் கோயில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வைத்தார். ஓரம் பொடிந்த தாள். பூச்சி அரித்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் அடுத்த கட்டத்தில், தொழில் என்ற இடத்தில் பனையேறி. என் பூட்டனார். "ஏட்டி, எந்த மனுசனால சாபம்னு சொன்னாவளோ, அவரே ஞானஸ்நானம் எடுத்தாச்சு. செத்துப் பரலோகத்துல இருக்கவர இவனுவ எதுக்கு இழுக்கானுவ?" என்றார் பெரியப்பா. அந்த வரியைக் கையால் தடவிப் பார்த்தேன். அழுகை நிற்கவே இல்லை.

அன்று முதல் ஊரில் இருந்தவரை சாயங்காலந்தோறும் எபேசியர் நிருபத்தை, அதாவது எபேசு ஊர் விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய கடிதத்தை, என்னோடு உட்கார்ந்து வாசித்தார். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த அதிகாரம்தான். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. எபேசு இன்றைய துருக்கியில் இருந்த பெரிய பட்டணம். தியானாள் தேவியின் கோயில் அங்கே இருந்தது, உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று என்று பழங்காலத்தார் எண்ணியது. அந்த ஊரில் மந்திரமும் தாயத்தும் பெரிய வியாபாரம். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் பாருங்கள், விசுவாசிகளானவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள், கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு ஆளின் ஒருநாள் கூலி. கண்ணுக்குத் தெரியாத சக்திகளுக்குப் பயந்து அவ்வளவு பணத்தைக் கொட்டிய ஊர் அது. அந்த ஊர் ஜனங்களுக்குத்தான் பவுல், "கிறிஸ்துவுக்குள் உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் நம்மை ஆசீர்வதித்திருக்கிறார்" என்று ஆரம்பிக்கிறார். சகல ஆசீர்வாதம். அதற்குமேல் விற்க ஒருவனிடமும் சரக்கு இல்லை.

அந்த ஆசீர்வாதங்கள் என்னென்ன என்று பெரியப்பா என்னையே நோட்டில் எழுதச் சொன்னார். மூன்றாம் வசனத்திலிருந்து பதினாலாம் வசனம் வரை, மூல கிரேக்கத்தில் மூச்சுவிடாத ஒரே வாக்கியமாம். உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டது (தேர்ந்தெடுக்கப்பட்டது), சுவிகாரம் (தத்தெடுப்பு), இயேசுவின் இரத்தத்தினாலே மீட்பு, பாவமன்னிப்பு, சுதந்தரம் (தகப்பன் சொத்தில் உரிமை), பரிசுத்த ஆவியின் முத்திரை. எழுதி முடித்ததும் நான் தேடினேன், பிள்ளை, வீடு, சம்பள உயர்வு எதுவும் அதில் இல்லை. உண்மையைச் சொன்னால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிறகுதான், இதில் இருப்பது ஒன்றுகூடக் கரு கலைந்தால் கலைந்துபோகாது, நகை அடகுக்குப் போனால் கூடப் போகாது என்பது மெல்ல உறைத்தது. பெரியப்பா கேட்டார், "இத எழுதும்போது பவுல் எங்கன இருந்தாரு தெரியுமா? ஜெயில்ல. கடைசி அதிகாரத்துல சங்கிலியால கட்டப்பட்ட ஸ்தானாபதின்னு அவரே சொல்லுதாரு. சாபத்துல இருந்தாருன்னு சொல்லுவியா?"

எனக்கு மருந்தாக வந்தது சுவிகாரம். ரோமச் சட்டத்தில் சுவிகாரம் எடுக்கப்பட்டவன் பழைய வீட்டின் அதிகாரத்திலிருந்து வெளியே வந்து, புதிய தகப்பனுடைய பெயரையும் சொத்துரிமையையும் பெறுவான். ராயர்களில், அதாவது ரோமப் பேரரசர்களில், சிலரே அப்படி வந்தவர்கள்தான். அகஸ்து ராயனை ஜூலியஸ் சீசர் சுவிகாரம் எடுத்தார், நீரோவைக் கிலவுதியு ராயன் எடுத்தார். பவுலின் வார்த்தையைக் கேட்ட எபேசியருக்கு இது எவ்வளவு கனமானது என்று தெரிந்திருக்கும். தேவனுடைய வீட்டுக்குப் பிள்ளையாக எடுக்கப்பட்ட என்மேல் பழைய வீட்டுக் கணக்கை ஒருவன் எழுத முடியாது. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" நம்மைச் சாபத்திலிருந்து மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்வதும் இதையே. ஆவியானவர் நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்று எபேசியர் 1:14 சொல்கிறது. நிலம் கிரயம் பேசினால் வாங்குகிறவர்தானே அச்சாரம் கொடுப்பார்? இங்கே கொடுத்தது தேவன். நான் விதை விதைத்து எதை முடிக்க வேண்டியிருக்கிறது?

அந்த ஊழியத்தில் திரும்பத் திரும்பக் காட்டிய வசனம் யாத்திராகமம் 20:5, பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பது, அதாவது தண்டிப்பது. உங்களுக்கும் அதைத்தான் காட்டுவார்கள். வசனத்தை முழுதாக வாசியுங்கள். "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று அதிலேயே இருக்கிறது. அடுத்த வசனம், அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நாலை எடுத்துக்கொண்டு ஆயிரத்தை விட்டுவிடுகிறார்கள். அதோடு எசேக்கியேல் 18-ஐயும் வாசியுங்கள், தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று தீர்க்கமாக இருக்கிறது. யோவான் 9-இல் பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். என் சபையில் நல்ல மனதோடு "வீட்ல பாவம் இருக்கான்னு பாரு" என்று சொன்னவர்களுக்கும் அந்த அதிகாரம்தான் பதில்.

இன்னொன்றையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எபேசியரின் முதல் மூன்று அதிகாரங்களில் "இதைச் செய், அதைக் கொடு" என்ற கட்டளை ஏறக்குறைய கிடையாது. இரண்டாம் அதிகாரத்தில் வருவது "நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான், முன்பு எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதை. பொய்யை விடு, திருடாதே, மன்னி என்பதெல்லாம் நாலாம் அதிகாரத்துக்குப் பிறகு வருகிறது, பிள்ளையானவனுக்குச் சொல்லப்படுவதாக. எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். செய், கொடு, அப்புறம் பிள்ளையாவாய் என்றார்கள். ஒரு பிரசங்கம் சரியா என்று பார்க்க எனக்கு இப்போது இருக்கும் முதல் அளவு இந்த வரிசைதான். கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் சபைச் சங்கக் காணிக்கையை இன்றும் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறதே, பயந்து கொடுக்கிற பணம் அந்த வசனத்திலேயே தேறாது. தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனிடம் பேதுரு பேசிய பேச்சையும் அப்போஸ்தலர் 8-இல் ஒருதரம் படித்துவிடுங்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் பரிசோதனைகளைச் செய்தோம். ரத்தம் உறைவது சம்பந்தப்பட்ட ஆன்டிபாடி எனக்கு இருந்தது. மறுபடி கரு தரித்தால் ஆஸ்பிரினும் ஊசியுமாக வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கரு கலைவதற்கு உடம்பில் எத்தனையோ காரணங்கள் உண்டு, ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. வைத்தியம் நடக்கிறது, ஜெபமும் நடக்கிறது. "கடைசியில் அற்புதம் நடந்தது" என்று எழுதினால்தான் சாட்சி என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் மறுபடி பந்தியில் முழங்கால்போட்டு திருவிருந்தைக் கைநீட்டி வாங்கினேன். என் சாட்சி அது. வளைகாப்புக்குப் போவது இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சில வீடுகளுக்குப் போகிறேன், சில வீடுகளுக்குப் பரிசை மட்டும் அனுப்புகிறேன். கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார் என்பதால் வலி நின்றுவிடவில்லை. வலிப்பதால் நான் சபிக்கப்பட்டவள் என்ற பயம்தான் போயிருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டோம். "கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் சாபம் இரட்டிப்பாகும்" என்று பதில் வந்தது. முன்பானால் அந்த ஒரு வரியிலேயே செத்திருப்பேன். கொடுத்த பெரும்பகுதிக்கு ரசீது இல்லாததால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. பதிவு செய்த டிரஸ்டாக இருந்தால் ரசீது தருவதில் தயக்கமே இருக்காது. கையில் ரொக்கமாகக் கேட்டு, ரசீது கேட்டால் "விசுவாசம் இல்லையா?" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். சங்கிலியை வட்டி கட்டி மீட்க இன்னும் சில மாதம் ஆகும். இவ்வளவு தருகிறோம் என்று பொருத்தனை பண்ணிவிட்டோமே, பாக்கியைக் கட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்தால், நம்பகமான ஒரு மூத்த போதகரிடம் போய்ச் சொல்லுங்கள். மிரட்டி வாங்கிய வாக்கு அது. எனக்கு எங்கள் சபை ஐயர் அந்தப் பாரத்தை ஒரே ஜெபத்தில் இறக்கி வைத்தார், பைசா வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் கேலி செய்யாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். என் கணவர் முதலில் கத்தினார். நான் அவருக்குத் தெரியாமல் கொடுக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். அவர்கள் எதை இழந்து அங்கே போனார்கள் என்று கேளுங்கள், அதைப் பற்றி அழ விடுங்கள். கூட உட்கார்ந்து எபேசியர் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். டாக்டர் சீட்டு ஏதாவது கிடப்பில் கிடக்கிறதா என்று பார்த்து, பரிசோதனைக்குக் கூடவே போங்கள். மாதாமாதம் பணம் பிடிக்கப்படுகிறதென்றால் அந்த ஊழியத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். எந்தப் பணச் செயலியில் போட்டார்களோ அதிலேயே ஆட்டோபே என்ற பகுதி இருக்கும், நாமே ரத்து செய்யலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாசித்து முடித்த அன்றே அதையும் சேர்ந்து செய்துவிடுங்கள்.